கயிறு நாற்பது பாகம்

காயலான் கடை ஜலால் தராசில் போடுமுன் தடவிப் பார்த்தார்.
"துணி வச்சு ஒட்டுன பேப்பர், கிலோவுல சேராது.
நீதான் அளக்குற ஆளாச்சே, எடுத்துக்க."
மூலக்கொத்தளம், மாலை ஐந்தேகால்.
லாரி போகும்போதெல்லாம்
வெறும் தட்டு ஒரு கிராம் ஆடியது.

விரித்தேன்.
ஒரு மைல் ஒரு அங்குலமாகச் சுருங்கிய காடு.
எந்த மாகாணத்து ஆறோ, பெயரைப் பூச்சி தின்றிருந்தது.
காட்டை நீளவாக்கில் கிழித்துக்கொண்டு போகிறது.
இரு கரையிலும் பழுப்புக் கோடுகள்
ஐம்பது அடிக்கு ஒன்று,
நெருங்கி, இன்னும் நெருங்கி,
கடைசியில் கோடே இல்லை, வெறும் பழுப்பு.
நகம் வழுக்கினால் நானூறு அடி.

அதன் நடுவே வெந்தயம் அளவு வெள்ளை.
பக்கத்தில் சாய்ந்த ஆங்கில எழுத்து:
அளக்கப்படவில்லை.

கீழ் ஓரத்தில் துரையின் பெயர்,
வரைந்தவர் பெயர்,
அச்சான கல்லுக்குக்கூட ஒரு எண்.

திருப்பினேன்.
பின்பக்கத் துணியில் பென்சில். தமிழ்.
ராயபுரத்து ஆட்கள் ஆறு பேர்.
அரிசி ஆறு படி. உப்பு. கொயினா ஒரு புட்டி.
துலுக்காணம் இறங்கினான். கயிறு நாற்பது பாகம்.
அடுத்த வரி:
கயிறு ஏறியது.

மறுநாள் கணக்கில்
அரிசி ஐந்து படி.

பாகம் என்று எழுதியவன் கடற்கரைக்காரன்.
இரு கையை விரித்தால் ஒரு பாகம்.
மலையைக்கூட அவன்
கட்டுமரத்தில் நின்று பார்ப்பதுபோல்தான் பார்த்திருக்கிறான்,
கயிறு விட்டு,
தரை தட்டுகிறதா என்று.

நானும் கோல் பிடிக்கிறவன்தான்.
மழைநீர் வடிகால் காண்டிராக்டரிடம், நாள் கூலி.
எங்கள் பக்கத்துத் தாளையும் ஆபீசில் பார்த்திருக்கிறேன்.
கொருக்குப்பேட்டை, தண்டையார்ப்பேட்டை,
திருவொற்றியூர், எண்ணூர்,
பழுப்பில் ஒரு கோடும் ஓடவில்லை.
எல்லாமே முதல் ஐம்பதடிக்குக் கீழே.
துரை வந்திருந்தால் அரை நாளில் முடித்து
டீ குடிக்கப் போயிருப்பார்.

ஆனால் எர்ணாவூர் உப்பளத் தெருவில்
பாக்கியமேரி வீட்டுக்குள் வந்த தண்ணீர்
எதிர்வீட்டில் படியோடு நின்றுவிட்டது.
வித்தியாசம் மூன்று விரல்.
மூன்று விரலுக்கு
ஒரு கட்டில், ஒரு தையல் மெஷின்,
பிளஸ் டூ சர்டிபிகேட், இரண்டு கோழி.

அந்தத் தடவை தண்ணீர் தனியாக வரவில்லை.
எண்ணெய் மிதந்து வந்தது.
வடிந்தபோது
ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இடுப்பளவில்
ஒரு கறுப்புக் கோட்டை விட்டுப்போனது.
சிலுவைப் படத்துக்குக் கீழே,
மாரியம்மன் காலண்டருக்குக் குறுக்கே,
ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் கதவிலும் நிறுத்தாமல்.

எஞ்சினியர் சாலமன் சொன்னார்:
"ரோட்டு லெவல் போதும்ப்பா, வீட்டுக்குள்ள எதுக்கு?"
மதியம் அவர் சாப்பிடப் போனதும்
டம்பி லெவலை தெரு நடுவில் விட்டு
பொடியன் சந்துருவை அதில் கண் வைக்கச் சொல்லிவிட்டு
கோலோடு வீடு வீடாக நுழைந்தேன்.
கோலின் அடியைக் கறுப்பின்மேல் வைத்து நிமிர்த்தினேன்.

பூஜ்யம் புள்ளி ஐந்து எட்டு, என்று கத்தினான் சந்துரு.
அடுத்த வீடு. ஐந்து எட்டு.
கதவில்லாத வீடு. ஐந்து எட்டு.
எதிர்வரிசையில் படிக்கட்டின் விளிம்பு,
அங்கேயும் அதே.
"அண்ணா, மிஷின் மாட்டிக்கிச்சா?"

மாட்டிக்கொள்ளவில்லை.
யாரும் வரையாத கோடு,
பதினேழு வீட்டுக்குள் ஓடுகிறது.

ஃபீல்டு புக்கில் அதற்குக் கட்டம் இல்லை.
பின் அட்டையைத் திருப்பி
பென்சிலில் எழுதினேன், வீட்டு நம்பர் போட்டு,
ஆள் பேரும் போட்டு.

பதினெட்டாவது பாக்கியமேரி.
வாளியில் சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்தாள்.
ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண்பார்க்க வருகிறார்களாம்.
மட்டையை நனைத்து
கோட்டுக்கு நேராகக் கையைத் தூக்கியவள்
என்னைப் பார்த்து,
"அடிக்கட்டுமா?" என்றாள்.

ஒரு நிமிஷம், என்றேன்.
கோலை வைத்தேன்.
தெருவில் சந்துரு
இன்னும் நம்பரைச் சொல்லவில்லை.